படிவம் கா-3

சர்வதேச மகளிர் ஆண்டு தாம்பரத்துக்கு வந்து சேர ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. மற்ற ஊர்களில் அது 1975 ஜனவரி முதல் தேதியே பிறந்துவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தென்புறநகர் வாசகர் நலச் சங்கத்துக்கு மட்டும் சுற்றறிக்கை தாமதமாக வந்தது. வந்த பிறகும் மூன்று வாரம் பதிவேட்டில் ஏறாமல் கிடந்தது. "மகளிர் முன்னேற்றத்திற்குத் தங்கள் அமைப்பு ஆற்றிய பணியை நவம்பர் இறுதிக்குள் தெரிவிக்கவும்" என்று அதில் கண்டிருந்தது. சங்கம் அப்படி ஒரு பணியையும் ஆற்றியிருக்கவில்லை. ஆகவே அவசரமாக ஒன்றை ஆற்ற வேண்டியிருந்தது.

சங்கம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு, நாலாயிரம் புத்தகம், ஒரு நூலகர். நூலகர் ஞானஜோதிக்கு இருபத்தெட்டு வயது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அம்மாவுடன் குடியிருந்தாள். காலையில் பஸ் பிடித்துக் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, ரயில் நிலைய மேம்பாலம் ஏறிக் கடந்து மேற்கே வருவாள். மாலை ஆறு மணிக்கு அதே பாலத்தில் திரும்பிப் போவாள். இந்தப் பாலம் அவளுக்கு வெறும் பாலமாக இருந்தது ஜூலை மாதம் வரைக்கும்தான்.

சங்கத் தலைவர் ராஜகோபாலன் ஓர் அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்டாக முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அதன் இடது ஓரத்தில் சுருக்கொப்பம் போடப் போய்விடும். ஒருமுறை வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தில் கூடப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அவசரக் கூட்டத்தில் அவர் கேட்டார். "நம்ம நூலகத்துல பெண்களை இழிவுபடுத்துற புஸ்தகம் ஏதாவது இருக்கா?"

செயலாளர் வேதசிரோமணி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், யோசிக்கவே இல்லை. "தேன்முகில் படக்கதை சார். 1958லேருந்து 68 வரைக்கும் மாசம் ஒண்ணு. நம்மகிட்ட நூத்திப் பதினெட்டு இதழ் இருக்கு. கதாநாயகன் கதாநாயகியை அறையாத இதழ் ரொம்பக் கம்மி. அறைஞ்ச பக்கத்துக்கு அடுத்த பக்கம் அவ அவனைக் காதலிக்க ஆரம்பிச்சுடுவா."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"கண்டிக்கிறதுக்காகப் படிச்சேன் சார். ரெண்டு தடவை."

குழுவின் மகளிர் பிரதிநிதி சரோஜினி அம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் காபி வந்துவிட்டது. காபி கொடுப்பது மகளிர் பிரதிநிதியின் பொறுப்பு என்பதால் அவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. "கதாநாயகன் நடத்தை ஆய்வுத் துணைக்குழு" என்று ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதில் பெண்கள் யாரும் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

ஆய்வுக்கு ஒரு படிவம் அச்சடிக்கப்பட்டது. காதல் சம்பந்தப்பட்டது என்பதால் அதற்குக் கா-3 என்று பெயர். கா-1ம் கா-2ம் என்னவென்று ஞானஜோதி கேட்டதற்கு, பின்னால் தேவைப்படலாம் என்று இடம் விட்டிருப்பதாகத் தலைவர் சொன்னார். படிவத்தில் கதையின் பெயர், கதாநாயகன் பெயர், அவன் தொழில், சம்பவம் நடந்த இடம், கதாநாயகிக்கு அவன் இழைத்த செயல், எத்தனை முறை, கதாநாயகி எந்தப் பக்கத்தில் சம்மதித்தாள், கடைசியாகக் குழுவின் தீர்ப்பு என்று கட்டங்கள் இருந்தன. ஐந்நூறு படிவங்கள் வந்து இறங்கின. நூற்றுப் பதினெட்டு இதழ்களையும் படித்துக் கட்டங்களை நிரப்புவது நூலகரின் வேலை. தீர்ப்புச் சொல்வது மட்டும் குழுவின் வேலை.

பதினைந்து வயதில் ஞானஜோதி தேன்முகிலுக்காகத் தவம் கிடந்தவள். பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்து, ஒரே இதழை ஆறு பெண்கள் சுற்றில் விட்டுப் படித்தார்கள். "பாறையில் பூத்தவள்" என்ற கதையை அவள் மட்டும் பதினோரு தடவை படித்திருந்தாள். சுகுமார் என்ற எஸ்டேட் முதலாளி நளினா என்ற டைப்பிஸ்டைப் பதினேழு பக்கம் பின்தொடர்வான். பதினெட்டில் அறைவான். இருபத்தைந்தில் அவள் அவன் மார்பில் சாய்ந்து, "என் கோபத்தைத் தாண்டி என்னைக் கண்டீர்களே" என்பாள். அந்த வரியைப் படித்தபோதெல்லாம் பதினைந்து வயது ஞானஜோதிக்கு உள்ளங்கை வேர்க்கும்.

இப்போது பென்சிலும் கையுமாக அதே கதையை எடுத்தாள். முதலில் சிரிப்பு வந்தது. சுகுமாரின் மீசை பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறியிருந்தது. ஏழாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அதில் நளினா தெருவில் நடக்கிறாள். பின்னால் சுகுமார். அன்றைக்கு ஞானஜோதி சுகுமாரின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தாள். இன்றைக்கு நளினாவின் கால்களைப் பார்த்தாள். அந்தக் கால்கள் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடின. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முகத்தில் நாணம் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் இருந்தது நாணமில்லை. படம் போட்டவர் யாரோ, நிஜமாகவே தெருவில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். கதை எழுதியவர்தான் பார்க்கவில்லை.

இருந்தும் இருபத்தைந்தாம் பக்கத்துக்கு வந்தபோது அவள் உள்ளங்கை லேசாக வேர்த்தது. பழைய இனிப்பு உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஞானஜோதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் மேலேயே எரிச்சலோடு எழுதினாள். "பின்தொடர்தல். முறை: 17."

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அவளையும் ஒருவன் பின்தொடர்ந்துகொண்டிருந்தான்.

ஏகநாதன். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருந்தான். தலைவர் ராஜகோபாலனின் மைத்துனர் மகன். சங்க விழாக்களுக்கு மைக் செட் அவன் பொறுப்பு. நூலகத்தில் அவனும் உறுப்பினர். அவன் எடுத்துப்போன ஒரே புத்தகம் தேன்முகில்தான். ஜூலையில் ஒருநாள் மாலை, மேம்பாலப் படியில் அவளுக்குப் பின்னால் நாலு படி விட்டு ஏறி வந்தான். மறுநாள் மூன்று படி. அப்புறம் கிழக்குத் தாம்பரம் பஸ் நிறுத்தம் வரை. அப்புறம் அவள் ஏறும் பஸ்ஸிலேயே ஏறி ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கினான். ஒன்றும் பேசவில்லை. அவள் திரும்பிப் பார்த்தால் மட்டும் புன்னகை செய்தான், ஏதோ இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த முடிவு ஒன்றை நினைத்துச் சிரிப்பவன் போல.

இங்கே துணைக்குழுவின் வேலை சூடுபிடித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் நுட்பமான கேள்விகள் எழுந்தன. புறங்கையால் அறைவது அறையில் சேருமா? குதிரையில் பின்தொடர்ந்தால் அது பின்தொடர்தலா, பிரயாணமா? தூக்கிக்கொண்டு போவது ஆற்று வெள்ளத்திலிருந்து என்றால் மன்னிக்கலாமா? வேதசிரோமணி ஒரு மணி நேரம் வாதாடி, வெள்ளம் முழங்காலுக்கு மேல் இருந்தால் மன்னிக்கலாம் என்று முடிவு வாங்கினார். உறுப்பினர்கள் இதழ்களை ஆய்வுக்கென்று வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். 1964 தீபாவளி மலர் யாரிடம் இருக்கிறது என்பதில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இரண்டு பாகக் கதை ஒன்றில் இரண்டாம் பாகம் கிடைக்காமல் வேதசிரோமணி ஒரு வாரம் நிம்மதியில்லாமல் அலைந்தார். "கண்டிக்கணும்னா முடிவு தெரியணும் இல்லையாம்மா" என்று ஞானஜோதியிடம் கேட்டார்.

அக்டோபரில் அடுத்த கட்டம் வந்தது. கண்டித்தால் மட்டும் போதாது, திருத்த வேண்டும் என்று தலைவர் கருதினார். புத்தகங்களைக் கிழித்தால் சங்கத்தின் சொத்து சேதமாகும். எனவே குற்றம் செய்த கையை மட்டும் மறைப்பது என்று தீர்மானமாயிற்று. ஞானஜோதி வெள்ளைக் காகிதத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, பசை தடவி, அறையும் கைகளின் மேல் ஒட்டினாள். எண்பத்து நாலு கைகள் மறைந்தன.

ஒட்டி முடித்த இதழைத் தலைவர் விரித்துப் பார்த்தார். நளினா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எதிரே சுகுமார் கையில்லாமல் நின்றான்.

"பாத்தியா," என்றார் திருப்தியாக. "இப்ப யாரும் யாரையும் அடிக்கல."

"அந்தப் பொண்ணு அழுதுகிட்டு இருக்கே சார்."

"அழட்டும். பெண்கள் அழறது இயற்கை. நாம அதுல தலையிட முடியாது."

அன்று மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. ஞானஜோதி குடையை விரித்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினாள். பாதிப் பாலத்தில் ஏகநாதன் முன்னால் வந்து நின்றான். இதுவரை பின்னால்தான் வந்திருந்தான். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள், அவனும் நகர்ந்தான். வலப்பக்கம் நகர்ந்தாள். அவன் கை நீண்டு குடைக் காம்பைப் பிடித்துக்கொண்டது.

"வழியை வுடுங்க," என்றாள்.

"வுடறேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"எனக்கு உங்ககிட்ட பேச ஒண்ணும் இல்ல."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க. உங்களுக்குத் தெரியாததா? லைப்ரரியே உங்க கையில இருக்குது. மொறைக்கிற பொண்ணுதான் கடசில சிரிக்கும்." குரல் தணிவாக, மரியாதையாக இருந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. "நான் அவசரப்படல. நான் இன்னா ரவுடியா? ஆனா ஒண்ணு. பதினெட்டாம் பக்கம் வரைக்கும் கொண்டுபோயிடாதீங்க."

கீழே கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வந்த மின்சார ரயில் நின்றது. கூட்டம் படியேறி அவர்களைக் கடந்து போயிற்று. யாராவது நிற்பார்கள் என்று ஞானஜோதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். டிபன் கேரியர் வைத்திருந்த ஒரு பெரியவர் இருவரையும், ஒரே குடையின் காம்பில் இருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கனிவாகப் புன்னகைத்தபடி போனார். சண்டை போடும் காதலர்கள் என்று நினைத்திருப்பார். அவளால் கத்த முடியவில்லை. கத்தினால் என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. குடையை அவன் கையிலேயே விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கைப்பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருப்பது தெரிந்தது.

மறுநாள் காலை அவள் வந்தபோது குடை அவள் மேஜை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காம்பில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

அவள் நேராகத் தலைவரிடம் போனாள். நடந்ததையெல்லாம் தேதியோடு சொன்னாள். ராஜகோபாலன் முழுவதும் கேட்டார். எல்லோரும் சொல்வதை முழுவதும் கேட்பது அவருடைய பழக்கம். தூக்கத்திலும் அப்படியே கேட்பார்.

"ஏகநாதனா? அவன் ரொம்ப நல்ல பையனாச்சே. காலம் கெட்டுக் கிடக்குது. பொம்பளைப் பிள்ளை தனியா போகுதேன்னு பாதுகாப்புக்கு வந்திருப்பான்."

"அவர்கிட்டயிருந்துதான் சார் பாதுகாப்பு வேணும்."

"பாரும்மா. கதையில நடக்குறது வேற. அது பொதுமக்கள் மனசைக் கெடுக்கும், அதனால நாம கண்டிக்கிறோம். வாழ்க்கையில நடக்குறது ரெண்டு குடும்பத்து விஷயம். அவனுக்கு உன் மேல ஒரு இது இருக்குன்னா அதைக் கண்டிக்க நான் யாரு?"

பக்கத்தில் இருந்த வேதசிரோமணிக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர். "எழுத்து மூலமா குடுத்தா குழுவுல வைக்கலாம் சார்," என்றார். பிறகு அவரே யோசித்தார். "ஆனா புகாருக்குன்னு நம்மகிட்ட படிவம் கிடையாதேம்மா. படிவம் இல்லாத மனுவை எடுத்துக்கக் கூடாதுன்னு விதி பதினாலு சொல்லுது. நான்தான் எழுதினேன் அந்த விதியை."

சரோஜினி அம்மாளிடம் போனாள். அவர் ஞானஜோதியை ஜன்னல் பக்கம் அழைத்துக்கொண்டு போய் மெல்லப் பேசினார். "நானும் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. எங்க வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் என் பின்னாடிதான் வந்தார்."

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது அக்கா?"

சரோஜினி அம்மாள் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். "யாரும் கேட்டதில்ல," என்றார். கீழே மார்க்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காபிக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா வேலையை விடச் சொல்வாள். விட்டால் அவன் வீட்டுத் தெருவில் வந்து நிற்பான். அன்று மத்தியானம் முழுவதும் ஞானஜோதி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அலமாரியில் முந்நூற்று எண்பத்திரண்டு வெற்றுப் படிவங்கள் அடுக்கியிருந்தன. புகாருக்குப் படிவம் இல்லை என்று வேதசிரோமணி சொன்னது காதிலேயே இருந்தது. மூன்று மணி சுமாருக்கு எழுந்து போய் ஒரு படிவத்தை எடுத்துவந்தாள். மற்ற நூற்றுப் பதினெட்டையும் எழுதிய அதே குண்டு எழுத்தில், அதே மையில், நிதானமாக நிரப்பினாள். எங்கும் ஒரு பொய்கூட எழுதவில்லை. நிரப்பிய படிவக் கட்டின் நடுவில் அதைச் செருகிவிட்டுப் பதிவேட்டில் 118 என்பதை 119 என்று திருத்தினாள். தலைவர் சுருக்கொப்பம் போட்டார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு விழா. அதற்கு முந்தின நாள் தீர்ப்பு வழங்கும் பணி நடந்தது. ஒரே தீர்ப்பை நூற்றுப் பத்தொன்பது தடவை எழுத முடியாதாகையால் ரப்பர் ஸ்டாம்ப் செய்திருந்தார்கள். வேதசிரோமணி ஸ்டாம்ப் குத்த, தலைவர் கையெழுத்துப் போட, ஒருவர் சங்க முத்திரை வைக்க, இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு விழாவில் வாசிக்க ஐந்து படுமோசமான கதாநாயகர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படித்துத் தேர்ந்தெடுத்தால் விருப்பு வெறுப்பு வந்துவிடும் என்று தலைவர் சொல்லிவிட்டார். "எத்தனை முறை" என்ற கட்டத்தில் யாருக்கு அதிக எண்ணோ அவர்களை எடுத்தால் போதும். வேதசிரோமணி எண்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போய் ஐந்து படிவங்களை உருவினார். ஐந்திலும் பெரிய எண் நாற்பத்தொன்று. ஞானஜோதி கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைக்கவில்லை. கோப்பில் ஒரு கையெழுத்து விழுந்தால் போதும், அதைக் காட்டிக் கேட்கலாம் என்றுதான் எண்ணியிருந்தாள். சொல்லிவிடலாமா என்று ஓரடி முன்னால் வைத்தாள். சொல்லவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மகளிர் ஆண்டு விழாவுக்கு மகளிர் வேண்டும் என்பது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. பம்மலில் தோல் பதனிடும் ஷெட் வைத்திருந்த ஓர் உறுப்பினர், தன் ஷெட்டில் வேலை செய்யும் பெண்களை அரை நாள் லீவு விட்டு லாரியில் ஏற்றி அனுப்பினார். அவர்கள் நாற்பது பேர் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு காராபூந்திப் பொட்டலம் கொடுத்தார்கள். முன்வரிசையில் உறுப்பினர்கள். மேடையோரம் ஏகநாதன் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஞானஜோதியைப் பார்த்துப் புன்னகைத்தான்.

சிறப்பு விருந்தினராக மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். அவருக்கு அன்றைக்கு இது நாலாவது மகளிர் விழா. ராஜகோபாலன் தலைமையுரையில் சொன்னார். "பெண்கள் நம் கண்கள். கண்ணை நாம் இமையால் மூடிக் காக்கிறோம். மூடிய கண் எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியை நம் பெண்களுக்கு அளிப்பதே இந்தச் சங்கத்தின் லட்சியம்." முன்வரிசை கைதட்டியது.

பிறகு ஐந்து கதாநாயகர்களையும் வாசிக்கத் தொடங்கினார். ஒரு ஜமீன்தார். ஒரு விமானி. எஸ்டேட் முதலாளி சுகுமார். ஒரு டாக்டர். ஒவ்வொரு தீர்ப்புக்கும் கைதட்டல். ஐந்தாவது படிவத்தை அவர் கையில் எடுத்தார்.

"கதையின் பெயர், பெயரிடப்படவில்லை. கதாநாயகன் பெயர், ஏகநாதன். தொழில், மோட்டார் உதிரி பாகக் கடை, சானடோரியம்."

முப்பத்து நாலு வருஷம் கோப்பு வாசித்த குரல் அது. வாசிப்பது ஒருபக்கம் நடக்கும், புரிவது பின்னால் மெதுவாக வந்து சேரும். குரல் தன் பாட்டுக்குப் போனது.

"சம்பவம் நடந்த இடம், தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலம், கிழக்குத் தாம்பரம் பஸ் நிறுத்தம், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பு. இழைத்த செயல், பின்தொடர்தல், வழிமறித்தல், குடையைப் பிடித்தல், அறையப்போவதாகக் குறிப்பால் மிரட்டல். எத்தனை முறை, நாற்பத்தொன்று. கதாநாயகி எந்தப் பக்கத்தில் சம்மதித்தாள், எந்தப் பக்கத்திலும் இல்லை. குழுவின் தீர்ப்பு, இவனது நடத்தை வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. இத்தகையவனைப் பொது இடங்களில் நடமாட விடலாகாது. ஒப்பம், ராஜகோபாலன், தலைவர்."

தன் பெயரைப் படித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மைக் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. ஏகநாதன் கையில் வயரோடு அப்படியே நின்றான். முன்வரிசை கைதட்டலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

அதிகாரி நிமிர்ந்தார். "இது எந்த வருஷத்து இதழ்?"

வேதசிரோமணி எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உண்மையைச் சொன்னார். "நடப்பு வருஷந்தாங்க மேடம்."

"இப்பகூட இப்படி எழுதுறாங்களா? யார் எழுதினது?"

ஞானஜோதி எழுந்து நின்றாள். "நான் எழுதினேங்க. கதை இல்லைங்க. அவர் அதோ நிக்கிறாருங்க."

கூட்டமே மேடையோரம் திரும்பியது. ஏகநாதனின் முகத்தில் அந்தப் புன்னகை கொஞ்ச நேரம் போவதற்கு இடம் தெரியாமல் இருந்தது. பிறகு போய்விட்டது. "மாமா," என்றான் தலைவரைப் பார்த்து. மைக் பக்கத்தில் இருந்ததால் அந்த "மாமா" மார்க்கெட் வரைக்கும் கேட்டது.

அதிகாரி படிவத்தைக் கையில் வாங்கி, முத்திரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கதைன்னா எங்க துறையில வரும்," என்றார். "நிஜம்னா அது வேற டிபார்ட்மெண்ட். ஆனா தலைவரே கையெழுத்துப் போட்டுக் கண்டிச்சிருக்கார். இவ்வளவு முன்மாதிரியான ஒரு சங்கத்தை நான் எங்கேயும் பார்க்கல. என் ரிப்போர்ட்ல இதைக் கட்டாயம் எழுதுவேன்."

முதல் கைதட்டல் பின்வரிசையிலிருந்து வந்தது. பம்மல் பெண் ஒருத்தி, காராபூந்திப் பொட்டலத்தை மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்று தட்டினாள். அப்புறம் நாற்பது பேரும் தட்டினார்கள். முன்வரிசைக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. தலைவர் ஒப்பமிட்ட தீர்ப்பைப் பொதுக்குழுவில்தான் ரத்து செய்ய முடியும், பொதுக்குழு ஏப்ரலில்தான் கூடும் என்று விதி இருந்தது. அந்த விதியையும் வேதசிரோமணிதான் எழுதியிருந்தார். இந்தத் தடவை அதைச் சொல்லும்போது அவர் தலைவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேம்பாலம் பொது இடமா, ரயில்வேக்குச் சொந்தமான இடமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. அதைத் தெளிவுபடுத்தக் கோரி ரயில்வேக்கு எழுதுவது என்றும், பதில் வரும்வரை ஏகநாதனின் உறுப்பினர் அட்டையை நிறுத்தி வைப்பது என்றும் தீர்மானித்தார்கள். காபி வந்தபோது சரோஜினி அம்மாள் எழுந்திருக்கவில்லை. காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்தே இருந்தார், தீர்மானத்துக்குக் கையும் தூக்கினார். மகளிர் பிரதிநிதியின் கை சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது அதுவே முதல் தடவை.

அடுத்த தீர்மானம் ஞானஜோதியைப் பற்றியது. கதைகளுக்கான படிவத்தை நிஜத்துக்குப் பயன்படுத்தியதற்காக அவளிடம் ஏழு நாளுக்குள் மூன்று பிரதிகளில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். பெண்களின் பாதுகாப்பைக் கருதி, இனிமேல் பெண் வாசகர்கள் நாலு மணிக்கு மேல் நூலகத்துக்கு வர வேண்டாம் என்று ஓர் அறிவிப்புப் பலகையும் தயாராயிற்று. அதைக் கதவில் மாட்டும் வேலை நூலகருடையது. அவள் அதைப் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்க்க வைத்தாள்.

ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். பையில் மெமோ இருந்தது. ஏகநாதன் கடையை இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் அவனை நாற்பத்தொன்று என்று கூப்பிடுகிறார்களாம். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, கூடவே பயமும் வந்தது. அவமானப்பட்டவன் என்ன செய்வான் என்று தேன்முகிலில் எந்த இதழிலும் இல்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. பாலத்தின் படியில் அவள் ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நாலு படி விட்டு. அவள் வேகத்தைக் கூட்டினாள். சத்தமும் கூடியது. மூன்று படி. இரண்டு. ஞானஜோதி நின்றாள். ஓடுவதில்லை என்று எப்போது முடிவு செய்தாளோ அவளுக்கே தெரியாது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, சட்டென்று திரும்பினாள்.

பின்வரிசையில் முதலில் கைதட்டிய அந்தப் பம்மல் பெண்தான் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். புடவையில் தோல் ஷெட்டின் சுண்ணாம்பு வாசனை.

"இன்னாக்கா, இந்த ஓட்டம் ஓடற? மார்க்கெட்லேருந்து உன் பின்னாடிதான் வந்துகினு கீறேன். எம் பேரு சாமுண்டீஸ்வரி. அந்த பாரம் கீதே, அது இன்னும் இருக்குதா உன்னாண்ட?"

"எந்த பாரம்?"

"அதான், அன்னிக்கு அந்தப் பெரியவரு படிச்சாரே. பேரு, தொழிலு, எத்தினி தபா, எல்லாம் போட்டு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு படிக்காமலே கையெழுத்துப் போடுவாராமே, நெசந்தானா?"

ஞானஜோதி கைப்பிடியை விட்டாள். "நிஜந்தான்," என்றாள். "யார் பேரை எழுதணும்?"

"எங்க மேஸ்திரி பேரு. நாங்க சொல்றோம், நீ எழுது. எனக்கு எழுத வராது." சாமுண்டீஸ்வரி விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்தாள். "ஆளுக்கு ஒண்ணா பதினாலு பாரம் வேணும்க்கா. எங்க ஷெட்ல மட்டும்."